மரண தண்டனையும் மன்னிப்பின் வாசலும்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய திருத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் சலவாத்தும் சலாமும் உண்டாவதாக.

தூக்குத் தண்டனையை எடுத்துவிட வேண்டுமா, இருக்கட்டுமா என்ற பேச்சு நம் ஊரில் அடிக்கடி எழுகிறது. சாங்கி சிறையில் ஒருவரைத் தூக்கிலிடப் போகிறார்கள் என்ற சேதி வந்துவிட்டால் தேக்காவில் கடைக்குக் கடை அதே பேச்சுத்தான். "கடத்தினவனுக்கு மாலையா போடுவார்கள்?" என்பார் ஒருவர். "பெற்ற தாய் ஒருத்தி இருக்கிறாளே, பாவம்" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் கல்லாவில் இருந்தபடியே, "உயிருக்கு உயிர் என்று நம் மார்க்கத்திலேயே இருக்கிறது. இதில் நாம் பேச என்ன இருக்கிறது?" என்று சொல்லிப் பேச்சை முடித்து விடுவார்.

இந்த மூன்றாமவரோடுதான் நான் இன்று பேச விரும்புகிறேன். முதலிருவரும் தத்தம் மனத்தில் பட்டதைச் சொன்னார்கள். மூன்றாமவரோ மார்க்கத்தைச் சாட்சிக்கு அழைத்துவிட்டார். சாட்சியை அழைத்தால் அது சொல்வதை முழுதும் கேட்க வேண்டாமா? நான் பட்டம் பெற்ற ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும்தான் என் கல்வி. மிச்சத்தைக் கடை கற்றுக் கொடுத்தது. ஆகையால் நான் சொல்வதை உங்கள் ஹஜ்ரத்துமாரிடம் உரசிப் பார்த்துக் கொள்ளுங்கள்.

உயிருக்கு உயிர் என்பது குர்ஆன் ஷரீபில் இருப்பது உண்மை. அதை மறுக்கிறவன் முஸ்லிமாகப் பேசவில்லை. கிஸாஸில் உங்களுக்கு வாழ்வு உண்டு என்ற பொருளில் இறைவனே சொல்லியிருக்கிறான். ஆனால் அல்பகரா சூராவில் 179-ஆம் ஆயத்தாக அது வருவதற்கு முன்னால் 178-ஆம் ஆயத்து இருக்கிறது. கொல்லப்பட்டவனுடைய வாரிசு விட்டுக்கொடுத்தால் நல்ல முறையில் தியத்தைக் கொடுத்து முடித்துக் கொள்ளலாம், இது ரப்பு உங்களுக்குச் செய்த சலுகையும் ரஹ்மத்துமாகும் என்பது அதன் கருத்து. அந்த இடத்தில் இறைவன் என்ன வார்த்தையைப் போட்டிருக்கிறான், கவனித்தீர்களா? கொலை செய்தவனுக்கும் கொல்லப்பட்டவனின் வாரிசுக்கும் இடையிலே "சகோதரன்" என்ற சொல்லை வைத்திருக்கிறான். இரத்தம் காயாத இடத்தில் வைத்த சொல் அது.

வியாபாரிகளாகிய நமக்கு இது எளிதில் விளங்க வேண்டிய விஷயம். நம் கடன் நோட்டில் ஒருவன் பெயரில் 500 வெள்ளி நிற்கிறது. அதைத் தள்ளுபடி செய்யும் உரிமை யாருக்கு? கணக்குப்பிள்ளைக்கு இல்லை, பக்கத்துக் கடைக்காரருக்கு இல்லை, கடன் கொடுத்தவனுக்கே உண்டு. வசூலித்தாலும் குற்றமில்லை, விட்டால் சதகா. கொலை விஷயத்தில் வாரிசுதான் கடன் கொடுத்தவன். காழியும் சர்க்காரும் கணக்குப்பிள்ளை ஸ்தானம். பழி வாங்கும் உரிமையை அவன் கையில் கொடுத்த இறைவன், அதை விட்டுவிடும் உரிமையையும் அவன் கையிலேயே கொடுத்தான்.

ரசூல் (ஸல்) அவர்கள் இந்த உரிமையை எந்தப் பக்கமாகத் தள்ளினார்கள் என்பதும் நமக்குத் தெரியும். கிஸாஸ் வழக்கு எது தம்மிடம் வந்தாலும், மன்னித்துவிடும்படியே அவர்கள் சொல்வார்கள் என்று, பத்து வருஷம் கூட இருந்து பணிவிடை செய்த அனஸ் (ரலி) அறிவிப்பதை அபூதாவூத் கிரந்தத்தில் காணலாம். தம் சிறிய தகப்பனார் ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டியெறிந்து கொன்ற வஹ்ஷி இஸ்லாத்தில் வந்து நின்றபோது அவரை உயிரோடு விட்டார்கள். முகத்தைப் பார்க்க மனம் தாங்காததால் கண்ணில் படாமல் இருக்கும்படி மட்டும் சொன்னார்கள். மன்னிப்பதென்றால் துக்கம் இல்லாமல் போய்விடும் என்பதல்ல என்று எனக்கு அதிலிருந்துதான் புரிந்தது. மாஇஸ் (ரலி) என்ற தோழர் தாமே வந்து குற்றத்தை ஒப்புக் கொண்டபோது நாயகம் (ஸல்) முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். மறுபடியும் வந்தார், மறுபடியும் திருப்பிக் கொண்டார்கள். நான்காம் தடவை, "இவருக்குப் புத்தி சரியாக இருக்கிறதா?" என்று விசாரித்தார்கள். ஒப்புக்கொண்டு நிற்கிறவரிடத்தில் இத்தனை தயக்கம்!

"இஸ்லாமியச் சட்டம் நடக்கும் நாட்டிலும் தவறு நடக்கவில்லையா?" என்று யாராவது கேட்டால், நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மறைப்பதற்கில்லை. இலங்கை மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக் என்ற பெண்ணை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நம் மொழி பேசியவள். நம் தொழுகையைத் தொழுதவள். 1988-ல் பிறந்த அந்தப் பெண்ணை, பாஸ்போர்ட்டில் 1982 என்று எழுதி, 2005-ல் வீட்டு வேலைக்குச் சவூதிக்கு அனுப்பி விட்டார்கள். போய்ச் சில வாரங்களுக்குள், பாலூட்டும்போது அந்த வீட்டின் நான்கு மாதக் குழந்தை மரித்தது. மூச்சடைத்துப் போயிற்று என்றாள் அவள்; கொன்றாள் என்றது வழக்கு. தமிழ் தவிர வேறு மொழியில் தன் கட்சியைச் சொல்லத் தெரியாதவள் அவள். வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவரின் தகுதி பற்றியே பின்னால் கேள்வி எழுந்தது. 2007-ல் மரண தண்டனை விதித்தார்கள். இலங்கை ஜனாதிபதி வேண்டிக் கேட்டும் குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9-ஆம் தேதி சிரச்சேதம் செய்துவிட்டார்கள்.

அந்தப் பெற்றோரை நான் ஏசமாட்டேன். குழந்தையை இழந்தவர்கள் அவர்கள், உரிமை அவர்களுடையது. எனக்குள்ள கேள்வி வேறு. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் பதினேழு வயது, வாதாட மொழியில்லை, கையொப்பமிட்ட காகிதத்தில் இருப்பது அவள் சொன்னதுதானா என்பதே சந்தேகம். சந்தேகம் உள்ள இடத்தில் தண்டனையைத் தடுத்து நிறுத்துங்கள் என்பது நம் பிக்ஹு நூல்களில் பாலபாடம். மன்னிப்புக் கேட்கும் கட்டத்துக்கு வருமுன்பே அந்த வழக்கு நின்றிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கோவலன் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாம். கையில் சிலம்பு இருந்தது என்ற ஒன்றை வைத்து ஒரு வெளியூர் வியாபாரியை வெட்டிவிட்டு, பிறகு உண்மை தெரிந்து பாண்டியன் உயிரை விட்டான். பாண்டியன் உயிர் போனதால் கோவலன் எழுந்து வந்தானா?

தியத்து விஷயத்திலும் ஒரு வார்த்தை. கோழிக்கோட்டைச் சேர்ந்த அப்துல் ரஹீம் என்பவரைச் சவூதியில் மரண தண்டனையிலிருந்து மீட்க, ஒன்றரைக் கோடி ரியால், நம் கணக்கில் சுமார் 34 கோடி ரூபாய், 2024-ல் கேரளத்து மக்கள் திரட்டிக் கொடுத்தார்கள். சாதி மதம் பாராமல் கொடுத்தார்கள். அந்த வருஷமே மரண தண்டனை ரத்தாயிற்று. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஊர் திரண்டு பணம் சேர்க்காத ஏழை என்ன செய்வான் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. நிற்க.

இப்போது நம் சிங்கப்பூருக்கு வருவோம்.

இங்கே தூக்குக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கொலை செய்தவர்கள் அல்லர். 2022-ல் தூக்கிலிடப்பட்ட 11 பேரும் போதைப் பொருள் வழக்கில் போனவர்கள். 1973-ல் வந்த சட்டம், 1975-ல் செய்த திருத்தத்தோடு, 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரணம் என்று வைத்தது. கஞ்சாவென்றால் 500 கிராம். மெத் எனப்படும் சரக்குக்கு 250 கிராம். நீதிபதி வேறு தண்டனை கொடுக்க நினைத்தாலும் கொடுக்க இடமில்லை. இதைக் கட்டாய மரண தண்டனை என்கிறார்கள்.

15 கிராம் என்பது எவ்வளவு? சிராங்கூன் ரோட்டில் நகைக்கடை வைத்திருக்கும் சகோதரர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: இரண்டு பவுனுக்கு ஒரு கிராம் குறைவு. குற்றச்சாட்டை 14.99 கிராம் என்று குறைத்துப் பதிந்த வழக்குகளும் உண்டு. அவர்கள் கயிற்றிலிருந்து தப்பினார்கள். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு! தராசுக்காரர்களாகிய நமக்கு, அளவையில் மோசம் செய்கிறவர்களைப் பற்றியே ஒரு சூரா இறங்கியிருக்கிறது. நிறுவையில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டியது சரக்குக்கு. மனிதனை நிறுப்பதற்கு, அவன் ஏன் செய்தான், யார் செய்வித்தார், வயதென்ன, புத்தி எப்படி, வறுமை எப்படி என்று எத்தனையோ படிக்கற்கள் வேண்டும். ரமாதா பஞ்ச வருஷத்தில் உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்குக் கை வெட்டுவதை நிறுத்தி வைத்தது அந்தப் படிக்கற்களை வைத்துத்தான்.

சரி, மார்க்கத்தைச் சாட்சிக்கு அழைத்தவரிடம் நான் கேட்கிறேன்: போதைப் பொருள் கடத்தலுக்கு மரணம் என்பது மார்க்கத்தில் எந்த வகையில் சேரும்? கிஸாஸ் என்றால் அங்கே கொல்லப்பட்டவனும் வாரிசும் இருக்க வேண்டும். வாரிசுக்கு மன்னிக்கும் உரிமையும் இருக்க வேண்டும். பூமியில் பஸாது செய்வோருக்கான தண்டனை என்பீர்களானால், மாயிதா சூராவில் அந்த ஆயத்துக்கு அடுத்த ஆயத்தையும் ஓதுங்கள். பிடிபடுமுன் தவ்பாச் செய்தவனுக்கு அங்கே விலக்கு இருக்கிறது. இரண்டுமில்லை, இது தஃஸீர் என்பீர்களானால், தஃஸீர் என்ற சொல்லின் உயிரே காழி ஆளைப் பார்த்து, நிலைமையைப் பார்த்துத் தீர்மானிப்பதில்தான் இருக்கிறது. ஹத்துத் தண்டனைகள் நிரூபணமாகிக் காழியிடம் போய்விட்டால் அதில் மன்னிப்பில்லை என்பது வாஸ்தவம். ஆனால் போதைச் சரக்கு ஹத்துகளின் ஜாப்தாவிலே இல்லை. சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1987-ல் கடத்தல்காரர்களுக்கு மரணம் என்று தீர்மானித்தது உண்டு. அது அந்தச் சபையின் இஜ்திஹாத். அதை மறுத்துப் பேசும் தகுதி எனக்கில்லை. ஆயினும் எந்த வகையில் சேர்த்தாலும் எங்கேயோ ஒரு வாசல் திறந்திருக்கிறது: வாரிசின் வாசல், தவ்பாவின் வாசல், காழியின் வாசல். மூன்றும் சாத்திய தண்டனை ஒன்றை நம் மார்க்கத்தின் பெயரால் தாங்கிப் பேசுவது எப்படிச் சரியாகும்?

2013 முதல் இங்கே ஒரு ஜன்னல் திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அநியாயம். சரக்கைச் சுமந்து வந்தவன் மட்டுமே என்று நிரூபித்து, போதைப் புலனாய்வுக்குக் கணிசமாக உதவினான் என்று அரசுத் தலைமை வழக்கறிஞரின் சான்றிதழும் பெற்றால், நீதிபதி ஆயுள் தண்டனையும் பிரம்படியும் கொடுக்கலாம். சுமந்து வந்தவனுக்குத் தன் பொறுப்பை உணர முடியாத அளவுக்கு மனக்கோளாறு இருந்ததென்று நிரூபணமானாலும் ஆயுள் தண்டனைதான். இதனால் உயிர் தப்பியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வியாபாரக் கண்ணோடு பாருங்கள். சொல்வதற்குச் சேதி உள்ளவனிடம் கொடுப்பதற்கு ஏதோ இருக்கிறது. "இந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடு" என்று மட்டும் கேட்டு வந்த அடிமட்டத்துக் கூலியிடம் என்ன இருக்கிறது? அதிகம் அறிந்தவனுக்கு வழி கிடைக்கிறது. அறியாதவன் வெறுங்கையோடு நிற்கிறான்.

நாகேந்திரன் தர்மலிங்கத்தின் கதை உங்களுக்குத் தெரியும். ஈப்போவைச் சேர்ந்த தமிழ்ப் பையன். 2009 ஏப்ரலில், தொடையில் கட்டிய பொட்டலத்தோடு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டான். 42.72 கிராம், ஐந்தேகால் பவுனுக்குச் சற்று அதிகம். அவனுடைய அறிவுத்திறன் எண் 69 என்று பரிசோதித்தவர்கள் சொன்னார்கள். தான் செய்வது இன்னதென்று அவனுக்குத் தெரிந்திருந்தது என்று நீதிமன்றங்கள் தீர்மானித்தன. பதின்மூன்று வருஷம் கழித்து, 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி அதிகாலையில் தூக்கிலிட்டார்கள்.

அந்தத் தேதிக்கு நம் கலண்டரைப் பாருங்கள். ரமலான் பிறை 25. கடைசிப் பத்தின் ஒற்றைப்படை இரவு. லைலத்துல் கத்ரைத் தேடி நாம் பள்ளிவாசலில் விழித்திருந்து, மன்னிப்பவனே எங்களை மன்னித்தருள் என்று, ஆயிஷா நாயகி (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) கற்றுக் கொடுத்த துஆவை ஓதிக் கொண்டிருந்த இரவு அது. நாம் கேட்டது நமக்கு. அந்தத் தாய் கேட்டது தன் மகனுக்கு. அவள் இந்து, நாம் முஸ்லிம். கேட்ட பொருள் ஒன்றே.

இதற்கு மறுபக்கம் இல்லாமலில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி இருக்கிறார், பெயர் வேண்டாம். அவருடைய மூத்த மகன் ஹெராயினில் விழுந்தான். மறுவாழ்வு நிலையத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்து, கடைசியில் ஒரு கழிவறையில் மையித்தாகக் கிடந்தான். இந்தக் கட்டுரையின் கருத்தை நான் அவரிடம் சொன்னபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்களுக்கு அந்தப் பையனின் தாய் தெரிகிறாள் பாய். என் வீட்டுத் தாயும் தாய்தான். அவன் சுமந்து வந்தது மிளகா, ஏலமா? வாரிசு மன்னிக்கலாம் என்கிறீர்களே, நானும் வாரிசுதான். என்னை யார் கேட்டார்கள்? கேட்டால் நான் மன்னிக்க மாட்டேன்."

அவருக்கு மறுமொழி சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சர்க்கார் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். பயம் இருப்பதால்தான் இந்த ஊரில் சரக்கு மலியவில்லை, காப்பாற்றப்படும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள் என்று அமைச்சர் சண்முகம் நாடாளுமன்றத்தில் பல தடவை வாதாடியிருக்கிறார். இரவு பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுக் கல்லாப் பணத்தோடு நாம் பயமின்றி வீட்டுக்கு நடந்து போகிறோம். இந்த ஊரின் ஒழுங்கில் லாபம் கண்டவர்கள் நாம். அதைக் குறைத்துப் பேசினால் நன்றிகெட்டதனம். ஆனால் பயப்படுத்துவது கயிறா, பிடிபடுவோம் என்ற நிச்சயமா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் தகராறு இருக்கிறது. நண்பருடைய மகனுக்குச் சரக்கைச் சேர்த்த முதலாளி எந்த நாட்டில் எந்த மாளிகையில் இருக்கிறானோ! உட்லண்ட்ஸில் பிடிபடுகிறவன் அவனல்ல.

கடற்பாலத்துக்கு அப்பால் மலேசியா என்ன செய்தது? 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனையை நீக்கியது. மரண தண்டனையையே நீக்கிவிடவில்லை. நீதிபதியின் கையில் தராசைத் திருப்பிக் கொடுத்தது. இஸ்லாம் அதிகாரபூர்வ மதமாக உள்ள நாடு அது. அங்கே அதனால் தீன் குறைந்துவிடவில்லை. இந்தியாவில் 1983-லேயே, ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாயம் மரணம் என்றிருந்த பிரிவைச் செல்லாதென்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. நம் ஊரிலும் ஜனாதிபதியின் கருணை அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. 1998-ல் கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஒரு தமிழ் இளைஞனுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது. அதற்குப் பிறகு 27 வருஷம் ஒருவருக்கும் இல்லை. 2025 ஆகஸ்டில்தான் போதை வழக்குக் கைதி ஒருவருக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்தது.

கருணை கேட்பது நமக்குப் புதிதுமல்ல. 1950 டிசம்பரில், மரியா ஹெர்டோக் என்ற நத்ராவின் வழக்கையொட்டி இங்கே நடந்த கலகத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சுல்தான் பள்ளிவாசல் பக்கமிருந்து ஜனங்கள் நீதிமன்றத்துக்குத் திரண்டார்கள். 18 உயிர்கள் போயின. நம்மவரான பத்திரிகையாளர் கரீம் கனியையும் பிடித்துக் காவலில் வைத்தார்கள். கொலைக்காக ஏழு பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பாயிற்று. அவர்கள் கையில் இரத்தம் இருந்ததென்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. அப்படியிருந்தும் மலாயா முழுவதும் முஸ்லிம்கள் அவர்களுக்காகக் கருணை கேட்டார்கள். துங்கு அப்துல் ரஹ்மான் முன்னின்று முயன்றார். தூக்கு ஆயுளாகக் குறைந்தது. "உயிருக்கு உயிர் என்று மார்க்கத்தில் இருக்கிறது, நாம் பேச என்ன இருக்கிறது?" என்று அன்று நம் பெரியவர்கள் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு ஒரு மார்க்கமும் ஈப்போத் தாயின் பிள்ளைக்கு வேறு மார்க்கமுமா?

மரண தண்டனையை அடியோடு எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கிஸாஸை ஓதுகிறவன் அப்படிச் சொல்ல முடியாது. நான் கேட்பது சிறியது: எந்த வழக்கானாலும், எத்தனை கிராமானாலும், எதிரே நிற்கிற மனிதனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை நீதிபதிக்கு இருக்க வேண்டும். அதைச் சட்டத்துக்கு உட்பட்டு, மரியாதையாக, நம் சங்கத்தின் பெயரால் எழுதிக் கேட்கலாம். எழுதுமுன் நமக்குள் பேசித் தீர்க்க வேண்டும்.

ஆகவே காரியதரிசி அவர்களுக்கு என் விண்ணப்பம்: நோன்பு வருமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அஸருக்குப் பின் கூட்டம் போடுங்கள். ஓர் ஆலிமும் ஒரு வக்கீலும் பேசட்டும். மகனை இழந்த அந்த வியாபாரியையும் நான் அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்றார். "ஆனால் நான் என் பக்கத்தைத்தான் பேசுவேன்" என்றும் சொல்லியிருக்கிறார். முதலில் அவரையே பேச விடுங்கள்.

வஸ்ஸலாம்.